அமுக்கமும் அகத்துணையும்

பரிசளிப்பு மேடைகளில் ஆண்டுதோறும் ஓர் உவமை கேட்கிறோம். கரி அமுக்கத்தால் வைரமாவது போல, மாணவரும் வறுமையின் நெருக்கத்தால் ஒளிபெறுவர் என்பதே அது. செவிக்கினிய இவ்வுவமையை யாம் ஏற்பதற்கில்லை. விஞ்ஞானத்திலே தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு ஒன்று சொல்வோம்: உவமை பொருளோடு பொருந்துகிறதா என்று நோக்குதல் எம் தொழிலேயாம்.

நம் நாட்டுப் போகலை, ககட்டகஹச் சுரங்கங்களிலே எடுக்கப்படும் காரீயம் தூய காபனே. புவியின் ஆழத்தில் உருவாகியும் அது வைரமாகவில்லை. வைரத்துக்கு வேண்டிய அமுக்கமும் வெப்பமும் நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்திலேதான் ஒருங்கே அமையும்.

காபனின் மற்றொரு வடிவத்தை நோக்குவோம். காரீயத்தின் ஒற்றை அணுப்படலத்தைச் சுருட்டினாற் போன்றது காபன் நனோகுழாய். 1991இல் சப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா வெளியிட்ட ஆய்வே இதன்பால் உலகின் கவனத்தை ஈர்த்தது. நீளவாக்கில் இழுத்தால் உருக்கையும் வெல்லும் வலிமை இதற்குண்டு. பக்கவாட்டில் நெருக்கினாலோ நிலைமை வேறு. நீர் 10 மீற்றர் தாழ, அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடும் என்பதை, 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய நீர்மின் நிலையத்தின் அயலில் வாழும் நம் மாணவர் எளிதில் உணர்வர். ஏறத்தாழ 1.4 நனோமீற்றர் அகலமுள்ள குழாய்க் கற்றைகள் சுமார் 20,000 வளிமண்டல அமுக்கத்திலே வட்டவடிவம் குன்றி, மேலும் நெருக்கத் தட்டையாகின்றன. அகன்ற குழாய் முன்னரே நசுங்கும். ஒடுங்கிய குழாய் நின்று தாங்கும்.

இம்மாற்றங்களைக் காட்டும் கருவி, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ச. வெ. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலேயாம். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் அ. கு. சூத் குழுவினர், இரு வைரங்களுக்கிடையே இக்குழாய்களை வைத்து, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வளிமண்டல அளவுவரை அமுக்கி ஆராய்ந்தனர். அமுக்கம் நீங்கியதும் குழாய்கள் பழைய இயல்புக்கு மீண்டன என்பது 2000இல் வெளியான அவர்தம் முடிபு.

பிறிதோர் உண்மையே எம் கருத்துக்கு அரணாவது. உள்ளே நீர் நிறைந்த குழாய், வெறுங்குழாயினும் மிகுந்த அமுக்கத்தைத் தாங்குகிறது. உள்ளே மற்றொரு குழாய் அமைந்தாலும் அவ்வாறே. தாங்கச் செய்வது அமுக்கம் அன்று, அகத்துணையே.

லயக் காம்பிராக்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு நெருக்கம் குறைவின்றி உண்டு. குறைவாயிருப்பது துணையே. மலையகப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இன்றும் இல்லை. விஞ்ஞான ஆசிரியர், ஆய்வுகூடம், தமிழில் நல்ல நூல்கள், பசித்த வயிற்றுக்கு உணவு ஆகியவையே இவர்க்கு வேண்டிய அகத்துணை. வறுமையை வைரத்தின் தாயெனப் புகழ்வது, இவற்றை வழங்கும் கடமையிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்வதாகும்.

பழைய மாணவர்காள்! யூபிலி விழாவுக்குத் திரட்டும் பொருளில் ஒரு பங்கை அலங்கார வளைவுக்கன்றி ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குமின். வளைவு விழாவோடு போம். ஆய்வுகூடம் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.