டாய்லெட் பேப்பருக்குப் பதில் துணி: வாலாஜாபேட்டை வீட்டுக்கு செட் ஆகுமா?

ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே போறப்போ 'ஃபேமிலி க்ளாத்'னு ஒரு வீடியோ உங்க கண்ணுல பட்டிருக்கலாம். டாய்லெட் பேப்பரை நிறுத்திவிட்டு, சின்னத் துணித் துண்டுகளால் துடைத்து, துவைத்து, மறுபடியும் பயன்படுத்தும் வெளிநாட்டு வீடுகளின் கதை. "அய்யே!"ன்னு முகம் சுளிச்சிருப்பீங்க. "நாமதான் தண்ணி ஊத்திக் கழுவுறோமே, நமக்கு எதுக்கு?"ன்னு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பீங்க. கொஞ்சம் நில்லுங்க. வாலாஜாபேட்டையில உட்கார்ந்து யோசிச்சா இந்தக் கேள்வி வேற மாதிரி இருக்கு.

பேப்பர் எப்படி உள்ளே வந்தது?

அமெரிக்காவில் 1857-ல் ஜோசப் கயெட்டி என்பவர் இதற்கென்றே தனிக் காகிதத்தைத் தயாரித்து விற்றார். 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில் ஆஸ்திரேலியா முதல் அமெரிக்கா வரை கடைகளில் டாய்லெட் பேப்பர் ரோல் காலியானது. அப்போதுதான் அங்கே பலர் தண்ணீர் பீய்ச்சும் குழாயைத் தேடி வாங்கினார்கள். நாம சொம்பு, மக், ஹெல்த் ஃபாசெட்னு எப்பவோ அங்கேதான் இருக்கோம்.

ஆனா புது அப்பார்ட்மென்ட், ஹோட்டல், ஆபீஸ்னு ரோல் இப்போ நம்ம பக்கமும் வந்துவிட்டது. காரணம் எளிது: கழுவின ஈரத்தோட ஜீன்ஸ் போடப் பிடிக்கலை. அதாவது, நமக்குப் பேப்பர் தேவைப்படுவது சுத்தம் செய்ய இல்லை, ஈரம் துடைக்க. இந்த ஒரு வேலைக்குத் துணி தாராளமாகப் போதும். கழுவிய பிறகு துடைப்பதால், நீங்க 'அய்யே' சொன்ன பிரச்னையில் பெரும்பகுதி இங்கே கிடையாது.

இன்னொரு வில்லன், வெட் வைப்ஸ். 2017-ல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதி சாக்கடையில் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் ஒரு கட்டியாக அடைத்து நின்றது. நம்ம வீட்டு செப்டிக் டேங்கிலும் வைப்ஸ் கரையாது. அடைத்துக்கொண்டால் லாரிக்கு போன் போடுவது நீங்கதான்.

சரி, துவைக்கத் தண்ணி?

நியாயமான கேள்வி. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூரைத் தாண்டித்தான் பாலாறு நம்ம பக்கம் வருது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 தீர்ப்பில் இரண்டு கணக்குகள் பதிவாகியிருக்கின்றன: 1 கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர், முழுமையாகவோ ஓரளவோ பயிர் செய்ய லாயக்கில்லாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்றது.

இப்போ வீட்டுக் கணக்கு. நாலு பேர், ஆளுக்கு நாளைக்கு ஒரு துணி. இரண்டு நாளைக்கு எட்டு. துவைக்க, அலச இரண்டு பக்கெட், சுமார் 30 லிட்டர். பழைய ஃப்ளஷ் டேங்கை மூணு தடவை அழுத்தினால் ஆகிற செலவு இது. பெரிய சுமை இல்லை.

சிக்கல் அளவில் இல்லை, தரத்தில் இருக்கு. உப்புத் தண்ணியில் சோப்பு சரியாக நுரைக்காது, துணி விறைத்துப்போகும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணியோ, பிடித்து வைத்த மழைத் தண்ணியோ பயன்படுத்துங்க.

ட்ரை பண்ணணும்னா...

* நைந்த பருத்தி வேட்டி, பழைய லுங்கியைக் கைக்குட்டை அளவில் வெட்டி ஓரம் அடியுங்க. புதுசா எதையும் வாங்காதீங்க.
* ஆளுக்கு ஒரு நிறம். மாற்றிப் பயன்படுத்தவே கூடாது.
* மூடி போட்ட தனி பக்கெட். இரண்டு நாளைக்கு மேல் சேர்க்க வேண்டாம்.
* வெந்நீரில் சோப்பு போட்டு, மற்ற துணியோடு கலக்காமல் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்க. பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒளித்துக் காயவைத்தால் ஈரமும் கிருமியும்தான் மிஞ்சும்.
* வயிற்றுப்போக்கு, தோல் தொற்று இருந்தால் குணமாகும் வரை நிறுத்திடுங்க. விருந்தாளிக்குப் பேப்பர் இருக்கட்டும்.

யார் துவைக்கிறது?

ரீல்ஸ் சொல்லாத விஷயம் இது. காலையில ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுற அம்மா தலையிலோ, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா கையிலோ இந்த பக்கெட் போய்ச் சேர்ந்தால், நீங்க மிச்சம் பிடித்தது பேப்பரை. செலவழித்தது இன்னொருத்தர் உழைப்பை. உங்க துணியை நீங்களே துவைப்பீங்கன்னா ஆரம்பிங்க. முடியாதுன்னா வேண்டவே வேண்டாம். ரெண்டு நிமிஷம் ஈரம் காய விடுங்க, செலவே இல்லை.

ஒரு வீடு டாய்லெட் ரோலை நிறுத்தினால் பாலாறு சுத்தமாகிவிடாது. ஆற்றைக் கெடுத்தவர்கள் கொடுக்க வேண்டிய கணக்கு வேறு. அதை நம்ம பாத்ரூமில் தீர்க்க முடியாது. ஆனா ஒரு பக்கெட் தண்ணியை நீங்களே பிடித்து, நீங்களே துவைத்துக் கொட்டும்போது, 1 கிலோ தோலுக்கு 35 லிட்டர் என்பது எவ்வளவு என்று கைக்குத் தெரியும். அடுத்த தடவை ஊரில் பாலாறு பேச்சு வந்தால், ஸ்க்ரோல் பண்ணாமல் நின்று கேட்பீங்க.