பார்சல் சோறும் சொந்த அடுப்பும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் எந்த மாவட்டத்தையும் விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் காவுகொண்டது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒதுங்கியபோது முதலில் வந்து சேர்ந்தது சோற்றுப் பார்சல்தான். அது உயிர்காத்தது, கொண்டுவந்த கைகளை நாம் மறக்கவில்லை. ஆனால் நாட்கள் வாரங்களாக நீண்டபின் அதே பார்சல் என்ன செய்தது என்பதையும் பேசத்தான் வேண்டும்.

விடிந்தால் உலை வைக்க வேண்டியதில்லை. பிட்டுக்கு மாக் குழைக்க வேண்டியதில்லை, தேங்காய் துருவ வேண்டியதில்லை. வீடு நிறைந்த ஆட்களுக்குச் சமைத்துப் பழகிய தாய்மார், வரிசையில் நின்று வாங்கிய சோற்றை மடியில் வைத்தபடி வெறித்துக்கொண்டிருந்தார்கள். எமது கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம். எனவே குசினி அழிந்தபோது சுவரும் கூரையும் மட்டும் போகவில்லை. அவள் சொல் செல்லுபடியான இடமே போயிற்று.

அரசு அப்போது வழங்கிய உதவிகளில், ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபா, பணமும் உலர் உணவுமாகக் கிடைத்தது. குடும்பத்துக்கு 2,500 ரூபா சமையல் பாத்திரங்களுக்கென்றும் இருந்தது. பட்டியலில் இது சின்னத் தொகை. எமது எண்ணத்தில் இதுவே பெரிய மருந்து. சட்டி கைக்கு வந்தால் இன்று என்ன கறி என்று யோசிக்க வேண்டும். உப்பு இல்லையென்றால் அடுத்த கொட்டிலில் கேட்க வேண்டும். அலை வந்த அந்தக் காலையையே சுற்றிக்கொண்டிருக்கும் மனத்துக்கு, அரிசி வேகும் நேரமாவது வேறு கவனம் கிடைக்கிறது. உதவி நிறுவனங்கள் கூடி 2007இல் வெளியிட்ட உளசமூக வழிகாட்டிகளும், உணவு கொடுக்கும் முறை மனத்தையும் தொடுவதாகவே சொல்கின்றன.

வயலை இழந்த ஆண்களை மறந்துவிடக் கூடாது. மண்வெட்டி பிடித்த கை சும்மா இருந்தால் கோபம்தான் விளையும். முகாம் ஓரத்தில் நாலு கத்தரி, இரண்டு வரி பயற்றை போதும், தொடங்குவதற்கு. பன்பாய் இழைப்பதும், மருதமுனையார் தறியில் உட்காருவதும் இந்த வகைதான். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரில் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணும் வர்ணமும் கதையுமாக ஒன்றாக விளையாடினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சமையல் எல்லா நோவுக்கும் பரிகாரமல்ல. இறந்த மகனுக்குப் பிடித்த வட்டிலப்பத்தைச் செய்யச் சொல்லி எந்தத் தாயையும் வற்புறுத்தாதீர்கள். அவளுக்குத் தோன்றும் நாளில் அவளே செய்வாள். வாரக்கணக்கில் உறங்காதவரை, சாவைப் பற்றியே பேசுபவரை, தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

2024 நவம்பர் வெள்ளத்திலும் எமது மாவட்டத்தார் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. இனி அப்படியொரு நாள் வந்தால், முகாம் குழுவில் பெண்களும் இருக்க வேண்டுமென்று கேளுங்கள். முதல் மூன்று நாட்களுக்குப் பார்சல் வரட்டும். நாலாம் நாள் அரிசி, தேங்காய், சட்டி, அகப்பை கேளுங்கள். விறகையும் சேர்த்துக் கேளுங்கள். அரிசியைக் கொடுத்துவிட்டு விறகை மறந்துவிடுவார்கள்.