பறவை பார்க்கப் பெரிய கண்ணாடி எதற்கு?

ஜனவரி மாதம். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு குடும்பம் நிற்கிறது. ஏரி நடுவே மரங்கள். மரம் கொள்ளாமல் பறவைகள். "குஞ்சு எங்கே அப்பா?" என்று கேட்கிறாள் சின்னப் பெண். அப்பாவிடம் பைனாகுலர் இருக்கிறது. கூழைக்கடா தெரிகிறது, குஞ்சு தெரியவில்லை.

இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் 'ஸ்பாட்டிங் ஸ்கோப்'. ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடி. பைனாகுலர் 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இது 20, 30 மடங்கு காட்டும்.

பெட்டியில் '60 மடங்கு' என்று போட்டிருந்தால் பலர் மயங்கிவிடுகிறார்கள். அங்கேதான் பணம் பாழாகிறது! மடங்கு ஏற ஏற வெளிச்சம் குறையும். முன்கண்ணாடியின் அகலத்தை மடங்கால் வகுத்தால் கணக்கு விளங்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடியில் 20 மடங்கு வைத்தால், கண்ணுக்கு வரும் ஒளியின் அகலம் 2½ மில்லிமீட்டர். அது போதும். 60 மடங்கு வைத்தால் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. பறவை நிழல் மாதிரிதான் தெரியும். கோடியக்கரையில் உச்சி வெயிலில் கானல் நெளியும்போது பூநாரையின் காலும் சேர்ந்து நெளியும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியும் அங்கே தோற்றுவிடும்.

80 மில்லிமீட்டர் கண்ணாடி மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகக் காட்டும். உண்மைதான். ஆனால் எடை ஏறக்குறைய 1½ கிலோ. அதைத் தாங்கும் ஸ்டாண்டு வேறு! சோற்று மூட்டை, தண்ணீர், கைக்குழந்தை இவற்றோடு பஸ் ஏறுகிறவர்கள் அதைச் சுமப்பார்களா? இரண்டு தடவை வெளியே வரும். பிறகு பீரோவில்தான் இருக்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடியோ சுமார் அரை கிலோ. துணிப்பையில் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் போகும் குடும்பத்துக்கு அதுவே ஏற்றது.

ஆனால் ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்கக்கூடாது. அது காற்றில் ஆடினால் பறவையும் ஆடும். பார்க்கும் முனை சாய்வாக இருப்பது நல்லது. பேரனுக்குத் தகுந்த உயரத்தில் வைத்துவிட்டால் பாட்டியும் குனிந்து பார்க்கலாம். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். சூரியனை மட்டும் அதன் வழியே பார்க்கவே கூடாது. கண் போய்விடும்!

வேடந்தாங்கல் ஊர்மக்கள் இந்தப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு அந்த உரிமையை எழுதியே கொடுத்தார். இன்றோ செல்போனில் படம் பிடிக்கிறேன் என்று கூட்டுக்கு அருகே போகிறவர்கள் உண்டு. தாய்ப்பறவை மிரண்டு எழும். அந்த இடைவெளியில் காக்கை முட்டையைக் கொத்திப் போகும். ஸ்கோப் வைத்திருப்பவருக்குக் கரையை விட்டு இறங்கும் வேலையே இல்லை.

அன்று பக்கத்தில் நின்றவர் ஒருவர் தம்முடைய சின்ன ஸ்கோப்பைச் சிறுமியின் பக்கம் திருப்பினார். தாயின் அலகுப் பைக்குள் தலையை விட்டுக் குஞ்சு மீன் தின்றுகொண்டிருந்தது. "அம்மா, குஞ்சை விழுங்குதும்மா!" என்று கத்தினாள் அவள்.