இன்னொரு பூனையும் இல்லாளின் இசைவும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வாயிலில் காலணியைத் தேடிக்கொண்டிருந்தேன். நெடுநாள் நண்பர் ஒருவர் என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். குடும்பத்தில் ஏதோ பெருஞ்சிக்கல் போலும் என்றெண்ணிச் செவிசாய்த்தேன். அவர் கேட்டதோ வேறு.

"பூனை வளர்ப்பதைப் பற்றிய நபிமொழிகள் எத்தனை உண்டோ, அத்தனையையும் எழுதித் தாருங்கள். என் மனைவியிடம் காட்ட வேண்டும்!" என்றார்.

செய்தி இதுதான். நண்பரின் இல்லத்தில் ஏற்கெனவே ஒரு பூனை வளர்கிறது. பள்ளிவாசலின் நீர்த்தடாகத்தருகே தாயைப் பிரிந்து கத்திக்கொண்டிருந்த குட்டியொன்றைக் கண்டு அவர் உள்ளம் இளகிவிட்டது. அதனையும் இல்லத்திற்கு எடுத்துச் செல்ல விழைகிறார். மனைவியார் இசையவில்லை. "ஒன்று போதும்" என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டாராம். மார்க்கத்தின் துணைகொண்டு அச்சொற்களை வென்றுவிடலாம் என்பது நண்பரின் நம்பிக்கை.

சிறிய செய்திதானே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால், ஒரு பூனைக்குட்டியின் பொருட்டு எழுந்த இவ்வழக்கில் இல்லறத்தின் அடிப்படையொன்று அடங்கியிருக்கிறது. ஆகவேதான் அதனை இங்கே எழுத முற்பட்டேன்.

நபிமொழிகள் கூறுவது என்ன?

பூனை இல்லத்தில் இருக்கலாமா என்பதில் ஐயத்திற்கே இடமில்லை. நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள் ஒருமுறை தம் மகனின் மனைவி கப்ஷா அவர்களிடம் வந்தார்கள். உளூச் செய்வதற்காகக் கப்ஷா நீர் ஊற்றிவைத்தார்கள். அவ்வேளை பூனையொன்று வந்து அந்நீரைக் குடிக்க முற்பட்டது. அபூகதாதா அவர்கள் அதனை விரட்டவில்லை. பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்து, அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். வியப்புடன் நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று என்றும், அது நம்மைச் சுற்றி வருகின்ற உயிர்களில் ஒன்று என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருக்கையில், அவர்களுக்கென்று கொண்டுவரப்பட்ட ஹரீஸா என்னும் உணவில் ஒரு பூனை வாய் வைத்துவிட்டது. தொழுது முடித்த அன்னையார், பூனை உண்ட இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள். மிக அதிகமான நபிமொழிகளை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயருக்கே "பூனைக்குட்டியின் தந்தை" என்பதுதான் பொருள். ஆடு மேய்த்த நாள்களில் உடன் வைத்து விளையாடிய சிறு பூனையால் அப்பெயர் அமைந்ததாக அவர்களே கூறியது திர்மிதீயில் உள்ளது.

இவற்றையெல்லாம் நண்பருக்கு எழுதித் தந்தேன். ஆனால், அவர் ஆவலோடு எதிர்பார்த்த இரண்டு செய்திகளை எழுத மறுத்துவிட்டேன். தம் அங்கியின் மீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நாயகம் (ஸல்) அவர்கள் அங்கியின் கையைக் கத்தரித்தார்கள் என்ற கதை ஒன்று. அக்கதை நம்பகமான ஹதீஸ் தொகுப்புகள் எவற்றிலும் இல்லை. பூனையை நேசிப்பது ஈமானில் சேர்ந்தது என்ற வாசகம் மற்றொன்று. அது இட்டுக்கட்டப்பட்டது என்பது ஹதீஸ் கலை வல்லுநர்களின் முடிவு.

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக, நாயகத்தின் மீது இல்லாததை ஏற்றிக் கூறலாகுமா? அப்படிப் பெறுகின்ற சம்மதத்தில் பரக்கத்துத்தான் இருக்குமா?

கேட்கப்படாத கேள்வி

தாளை வாங்கிக்கொண்ட நண்பரிடம் நான் ஒன்று கேட்டேன்: "உங்கள் மனைவி ஏன் மறுக்கிறார்?"

நண்பர் திகைத்து நின்றார். வேண்டாம் என்று மனைவி சொன்னது அவருக்குத் தெரியும். ஏன் என்று அவர் கேட்டதே இல்லை! பத்து நாள்களாக வாதாடியவருக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. நம்மில் பலர் இல்லத்தில் இப்படித்தான் இருக்கிறோம். விடையைக் கேளாமலே மறுப்பைத் தேடுகிறோம்.

அடுத்த வெள்ளியன்று விடையோடு வந்தார். மனைவியார் கூறியது இது: "பூனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு வேலை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்."

எண்ணிப் பார்த்தால் அம்மையாரின் பக்கம் நியாயம் இருக்கிறது. பூனையைக் கொஞ்சுபவர் கணவர். மணல் தட்டைத் துப்புரவு செய்பவர் மனைவி. மடியில் வைத்துத் தடவிக் கொடுப்பவர் கணவர். உதிர்ந்த உரோமத்தைப் பெருக்குபவர் மனைவி. ஒருநாள் விடியற்காலை, பாங்கு ஒலிக்கும் நேரத்தில் தொழுகை விரிப்பின் மீது பூனை சிறுநீர் கழித்துவிட்டதாம். விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டவரும் அவரே.

மார்க்கச் சட்டமும் இங்கே அவருக்கே துணை நிற்கிறது. பூனை குடித்து மீந்த நீர் ஷாபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபீ மத்ஹபிலும் அது தூய்மையானதே. எனினும் வேறு நீர் இருக்கும்போது அதனைப் பயன்படுத்துவது மக்ரூஹ். ஆனால், பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ் என்பதில் ஐயமில்லை. விரிப்பில் பட்டால் கழுவியே தீரவேண்டும். உதிர்ந்த உரோமம் ஹனஃபீ மத்ஹபில் தூய்மையானது. ஷாபிஈ மத்ஹபில் சிறிதளவே மன்னிக்கப்படுகிறது. ஆக, பூனை தூய்மையானது என்ற நபிமொழியைக் காட்டி, பூனையால் விளையும் துப்புரவு வேலையை இல்லையென்று ஆக்கிவிட முடியாது. நண்பர் கேட்டு வாங்கிய நபிமொழிகள் எதிலும், தட்டைக் கழுவ வேண்டியவர் மனைவி என்று கூறப்படவில்லையே!

மறுப்பிலும் இறையச்சம் உண்டு

அம்மையார் இன்னொன்றும் கூறினாராம்: "வியாபாரத்திற்காக நீங்கள் வெளியூர் போய்விடுவீர்கள். இரண்டையும் என்னால் சரிவரக் கவனிக்க முடியாமல் போனால், யார் பதில் சொல்வது?"

இச்சொல் இரக்கமற்றவரின் சொல்லா? ஒருபோதும் இல்லை. பூனையொன்றைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், தானே இரை தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி, அதன் காரணமாகவே நரகத்திற்குரியவளானாள் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பூனையை வளர்ப்பது கடமையன்று. வளர்க்க எடுத்துக்கொண்டால், அதன் பசியும் பிணியும் நம் பொறுப்பு. அப்பொறுப்பைத் தாங்க இயலுமா என்று தயங்குவதும் இறையச்சத்தின் ஒரு கூறுதான்.

குழந்தையின் பாலும் குட்டியின் வரவும்

"வீட்டின் தலைவன் நான், நான் கொண்டுவந்தால் மறுப்பதற்கு யார்?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்து 233ஆம் வசனத்தைச் சற்று ஆழ்ந்து ஓத வேண்டும். குழந்தைக்குப் பால்குடியை முன்கூட்டியே நிறுத்துவதாயினும், கணவனும் மனைவியும் மனம் ஒப்பி, கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என்று இறைவன் அவ்வசனத்தில் விதிக்கிறான். இல்லத்தின் அன்றாட அலுவலொன்றில், இருவரின் மனஒப்புதலையும் ஆலோசனையையும் சேர்த்து வேண்டியிருப்பது கவனிக்கத்தக்கது. இல்லத்திலிருந்து ஒரு பழக்கம் விடைபெறுவதற்கே கலந்தாலோசனை வேண்டும் என்றால், பல்லாண்டுகள் வாழப்போகும் ஓர் உயிர் உள்ளே வருவதற்கு அது வேண்டாமா?

இது பெண்களுக்கும் பொருந்தும். மனைவி விரும்பிக் கணவர் தயங்கும் இல்லங்களும் உண்டு. கணவர் வெளியூர் சென்ற வேளையில் குட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வந்துவிட்டது, இனி என்ன செய்வது?" என்பது கலந்தாலோசனை ஆகாது.

ஹுதைபிய்யாவில் கிடைத்த ஆலோசனை

அப்படியானால், தயங்குகின்ற துணையை இணங்கச் செய்ய வழியே இல்லையா? உண்டு. அவ்வழியை நமக்குக் கற்பித்தவர் ஒரு பெண்மணி.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்த நேரம். உம்ராவை நிறைவேற்றாமலே திரும்ப நேர்ந்ததால் தோழர்கள் மனம் உடைந்திருந்தார்கள். பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும் எவரும் எழவில்லை. கூடாரத்திற்குத் திரும்பிய பெருமானார், நடந்ததைத் தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் கூறினார்கள். அன்னையார் தந்த ஆலோசனை எளியது: எவரிடமும் ஒரு சொல்லும் பேச வேண்டாம்; வெளியே சென்று தாங்களே முதலில் செய்யுங்கள் என்பதே அது. பெருமானார் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்து செய்தார்கள்.

ஒரு சமுதாயத்தின் தலைவர் தம் மனைவியின் சொல்லைக் கேட்டார் என்பது இதில் ஒரு பாடம். சொல்லால் அசையாத உள்ளமும் செயலைக் கண்டு அசையும் என்பது மற்றொரு பாடம்.

இதையே நண்பருக்கும் சொன்னேன்: "இரண்டாவது பூனையைப் பற்றி ஒரு மாதம் பேசாதீர்கள். முதல் பூனையின் வேலைகள் அத்தனையையும் நீங்களே செய்யுங்கள்." நாள்தோறும் மணல் தட்டைத் துப்புரவு செய்வது, உரோமத்தைப் பெருக்குவது, வேளை தவறாமல் உணவும் நீரும் வைப்பது, கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, வெளியூர் செல்லும் நாள்களுக்கு மாற்றாள் ஏற்பாடு செய்வது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. இல்லத்தில் கர்ப்பிணிகள் இருந்தால் மணல் தட்டை அவர்கள் தொடவே கூடாது. பூனையின் மலத்தின் வழியே பரவக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கவல்லது. நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, தட்டைக் கழுவுவது நமக்கு இழுக்காகுமா?

கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பூனைகள் இரண்டானால் மணல் தட்டு மூன்றாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இரண்டும் ஆணும் பெண்ணுமாக அமைந்தால், ஏறத்தாழ ஒன்பது வாரச் சினைக்காலத்தில் இரண்டு என்பது ஆறாகிவிடக்கூடும். கருத்தடை அறுவையில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே முன்கூட்டியே தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம். இல்லத்திலுள்ள பூனையின் இசைவும் தேவை! புதிய குட்டியைச் சில நாள்கள் தனியறையில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றொன்றிடம் இட்டு வாடை பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்து, மெல்ல மெல்லத்தான் சேர்க்க வேண்டும். இத்தனையையும் செய்பவர் யார் என்பதைக் கேட்பவரே முதலில் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் "வேண்டாம்" என்பதே விடையாக இருந்தால்? அதனை முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுப்பதற்கு உரிமை இல்லாத இடத்தில் சம்மதத்திற்கு மதிப்பு ஏது?

குட்டியின் பசி

"அதுவரை குட்டி பட்டினி கிடக்கட்டுமா?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவிக்கு நற்கூலி உண்டு என்பது நபிமொழி. அக்கூலி வேலையைச் செய்பவருக்கே உரியது. பிறரைச் செய்யுமாறு பணித்துவிட்டுக் கொஞ்சுபவருக்கன்று. இரக்கம் காட்ட இல்லத்தின் கதவு திறக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. தடாகத்தருகிலேயே உணவு வைக்கலாமே!

அன்று முதல் நண்பர் காலையிலும் மாலையிலும் சோறும் மீனும் கொண்டுவந்து குட்டிக்கு வைக்கலானார். இல்லத்தில் மணல் தட்டும் அவர் பொறுப்பாயிற்று. இரண்டாவது பூனை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

சென்ற வாரம் மழை பெய்தது. ஜும்ஆவிற்கு வந்த நண்பர் என்னைத் தேடி வந்து, சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். முந்தைய இரவு, இடியோசையின் நடுவே மனைவியார் தாமாகவே கேட்டாராம்: "அந்தக் குட்டி எங்கே ஒதுங்கியிருக்கும்?"

"நீங்கள் எழுதித் தந்த தாளை இப்போது காட்டட்டுமா?" என்றார் நண்பர்.

"வேண்டாம், பையிலேயே இருக்கட்டும். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்" என்றேன்.

வாயில்லா உயிர்களிடம் காட்டும் இரக்கத்தை நம் வாழ்க்கைத் துணைவரிடமும் காட்டுகின்ற நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.