குதிரைத்திறனும் தோற்றமும் மலை ஏற்றாது

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேசும் கார்ப் பிரியர்கள் எங்கே கூடினாலும் பேச்சு இரண்டே கேள்விகளில் வந்து நிற்கிறது: எதற்குக் குதிரைத்திறன் அதிகம், எது பார்க்கச் சீறிக்கொண்டு நிற்கிறது? ஜாகுவாரா லோட்டஸா, டிரையம்ஃபா எம்ஜியா என்ற வழக்குகளுக்கெல்லாம் இந்த இரண்டையும் வைத்தே தீர்ப்பு எழுதுகிறார்கள். பேச்சோடு போனால் பரவாயில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி வாங்கக் கிளம்புகிறவரும் அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்கிறார் என்பதால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு காரின் தரத்தைச் சொல்லத் தகுதி உள்ளது அது ஓடப்போகும் சாலை மட்டுமே. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பூவின் பெயர். முல்லைப் பெரியாறு பாயும் வயல்மட்டத்தில் புறப்பட்டு, சுமார் 1,500 மீட்டர் உயரத்துத் தேயிலைத் தோட்டங்களில் முடிகிறது. குதிரைத்திறனும் தோற்றமும் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்க்க இதைவிடக் கறாரான இடம் வேண்டியதில்லை.

தோற்றத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை இறக்கியது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1976இல் வெளிவந்த அந்தக் கார், ஃபெராரி டேட்டோனாவின் சாயலை ஐந்து கதவு வண்டிக்குக் கொண்டுவந்தது. 1977ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்ற விருதையும் பெற்றது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்த தெருவில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் முதலில் இருந்தது 3.5 லிட்டர் வி8 எஞ்சின். இங்கே வைத்ததோ 1940களில் பிறந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு எஞ்சினின் வழிவந்த 1,991 சிசி எஞ்சின். கிடைத்தது 83 குதிரைத்திறன். நம் சாலைக்காக வண்டியைத் தரையிலிருந்து தூக்கவும் செய்தார்கள். விலை அதிகம், மைலேஜ் குறைவு. 1988இல் தயாரிப்பே நின்றுபோனது.

‘எஞ்சின் பழசு, அதனால் தோற்றது’ என்று இதைக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் அந்த எஞ்சினின் வம்சத்தைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. இதே எஞ்சின் குடும்பம்தான் கொவென்ட்ரியில் செய்யப்பட்ட ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. 1960இல் தொடங்கப்பட்ட சென்னையின் டாஃபே செய்துவரும் மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களுக்கு அந்த டிராக்டர்தான் முன்னோர். அதே குடும்பத்தின் 1,991 சிசி எஞ்சின்தான் 1953இல் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஏறியது. 90 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் ஓட்டத்துக்காகவே தயார் செய்யப்பட்ட ஒரு டிஆர்2, அந்த ஆண்டே மணிக்கு 124 மைலைத் தொட்டது. ஆக, உழுததும் ஓடியதும் திணறியதும் ஒரே குடும்பத்து எஞ்சின். மாறியவை அது சுமந்த எடை, பூட்டிய கியர், போன சாலை. ஏறக்குறைய 1,300 கிலோ உடம்புக்கு 83 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 60ஐ ஒட்டிய கணக்குதான் வரும். 39 குதிரைத்திறனும் 650 கிலோ எடையுமாக அந்நாளில் ஓடிய மாருதி 800க்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். முகத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர் அந்த முகத்துக்கு மட்டுமே பணம் கட்டினார்.

தோற்றம் வெறும் அலங்காரமா, காற்றைக் கிழிக்கும் வடிவமும் செயல்திறன்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். அதன் வளைவுகளைக் கணக்குப் போட்டே வரைந்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. மணிக்கு 240 கிலோமீட்டரில் ஒரு வண்டி சந்திக்கும் எதிர்ப்பில் 64இல் ஒரு பங்குதான் 30 கிலோமீட்டரில் இருக்கும். மேகமலை வளைவில் யாரும் அந்த முப்பதைக்கூடத் தொடுவதில்லை. அங்கே சேயரின் கணக்குக்கு வேலையே இல்லை. நீண்ட மூக்கு, எதிரே வரும் பேருந்தைப் பார்க்க விடாமல் மறைக்கத்தான் செய்யும். அதே இ-டைப்புக்குச் சொல்லப்பட்ட 265 குதிரைத்திறன், எஞ்சினைத் தனியே கழற்றிவைத்து அளக்கும் பழைய முறையில் வந்த எண். பத்திரிகைக்காரர்கள் 150 மைல் வேகம் பார்த்ததும் கூடுதல் கவனத்தோடு தயார் செய்யப்பட்ட வண்டியில்தான்; கடையில் வாங்கியவர்களுக்கு அது வாய்க்கவில்லை. எண்ணை நம்புகிறவர்கள் அது எப்படி அளக்கப்பட்டது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

‘ஏற்றத்துக்குச் சக்தி வேண்டாமா?’ என்பது அடுத்த மறுப்பு. வேண்டும்தான். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறது. எடையோ மேலே ஏறினாலும் குறைவதில்லை. வளைவில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது வண்டி அடங்கிப் போகாமல் இழுக்க வேண்டும். அந்த இழுவை பிறப்பது உச்ச எண்ணில் இல்லை, குறைந்த சுழற்சியிலும் கியர் விகிதத்திலும்தான். 1965 மான்டி கார்லோ ராலியில் பனிப்புயலுக்குள் 237 வண்டிகள் புறப்பட்டு 35தான் ஊர் போய்ச் சேர்ந்தன. வென்றது மினி கூப்பர். இரண்டாவதாக வந்தது அசல் பந்தயக் காரான போர்ஷே 904. பனியும் முன்சக்கர இயக்கமும் மினிக்குக் கைகொடுத்தன என்பார்கள். என் வாதமும் அதுதான்: சாலைதான் தீர்ப்பு சொன்னது.

சென்னையிலேயே 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் டிரையம்ஃப் ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. முதலில் வந்த எஞ்சின் 948 சிசி. ஸ்போர்ட்ஸ் கார்ப் பேச்சில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் முன்சக்கரங்கள் மடங்கித் திரும்பும் அளவில் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகச் சுற்றிவிடும். கொண்டை ஊசி வளைவில் ஒரு தரம் பின்னால் எடுக்காமல் திரும்புவது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பானட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைக்கலாம். குறை இல்லாத வண்டியல்ல அது: வளைவில் வேகமாக அடித்தால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கும். இந்தக் குறையும் குதிரைத்திறன் பட்டியலில் இருக்காது, பாதையில்தான் தெரியும்.

கடைசியாக ஒரு மறுப்பு: இது காதல், கணக்குக் கேட்காதீர்கள் என்பது. அழகுக்காக ஒரு காரை விரும்புகிறவரோடு எனக்கு வழக்கு இல்லை. அந்த அழகைச் செயல்திறன் என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டும்போதுதான் வழக்கு வருகிறது. அந்தப் பேச்சை நம்பித்தான் சின்ன ஊர்ப் பையன்கள் நல்ல சிறிய காரைத் தாழ்த்தி, அகல டயர் மாட்டி, பின்னால் ஸ்பாய்லர் வைக்கிறார்கள். தாழ்த்திய வண்டி மலைப்பாதைப் பள்ளத்தில் அடி தட்டுகிறது; அகல டயர் உள்ளே உரசி, திரும்பும் வட்டத்தைக் கெடுக்கிறது; மணிக்கு 30 கிலோமீட்டரில் ஸ்பாய்லர் சும்மா சுமைதான். அந்தப் பணத்துக்கு நல்ல பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும் போட்டிருந்தால், 18 வளைவும் இறங்கி வரும்போது பெடல் தரை வரை அமுங்காமல் நிற்கும்.