துவக்கைப் பறிக்க வேண்டாம், சனத்தை விலத்துங்கோ

வெறியில நிற்கிற ஒருத்தர் கையில துவக்கு இருந்தால் என்ன செய்வீங்கள் எண்டு உங்கட நண்பர்களிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக ரெண்டு பதில்தான் வரும். ஒண்டு, "பின்னால போய் அமத்திப் பிடிச்சுப் பறிக்க வேண்டியதுதான்." மற்றது, "எங்களுக்கென்ன, பேசாமப் போயிட வேண்டியதுதான்." முதலாவது சினிமாவில் பார்த்துப் பழகியது. இரண்டாவது ஊரில் பார்த்துப் பழகியது. ரெண்டுமே ஆளைக் கொல்லக் கூடியவை என்பதுதான் என்னுடைய கருத்து.

முதலில், யார் அந்த ஆள்? முகமூடி போட்ட கொள்ளைக்காரனை விடுங்கள். துவக்கோடு வெறியில் நிற்கிறவர் எங்களுக்குத் தெரிந்தவராக இருக்கத்தான் வாய்ப்புக் கூட. பயிரைப் பன்றியிடமிருந்து காக்க அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருக்கும் பெரியப்பாவாக இருக்கலாம். வேட்டைக்கென்று இடியன் துவக்கை ஒளித்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணையாக இருக்கலாம். லீவில் வந்து நிற்கும் சீருடைக்காரராகவோ, அரசியல்வாதியோடு திரிகிற ஆளாகவோ இருக்கலாம். தெரிந்தவர் என்பதாலேயே நாங்கள் அசட்டையாக இருக்கிறோம். "அவர் நல்ல மனுசன், தண்ணி போட்டால்தான் கொஞ்சம் அப்பிடி" என்று சிரித்துக்கொண்டே சுத்தி நிற்கிறோம்.

தண்ணி போட்ட மனுசனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கினால் அந்தச் சிரிப்பு வராது. 1990 இல் குளோட் ஸ்டீல், ரொபேர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தமிழில் அதை 'மதுக் கிட்டப்பார்வை' என்று சொல்லலாம். வெறியில் இருப்பவருக்குக் கிட்ட இருப்பது மட்டும்தான் தெரியும், தூர இருப்பது மறைந்துவிடும். நாளைக்கு வரப்போகிற பொலிஸ், வழக்கு, மறியல், பிள்ளைகளின்ர எதிர்காலம் எல்லாம் தூரத்தில் இருப்பவை. முன்னால் நின்று "ஏலுமெண்டாச் சுடு பாப்பம்" என்று சொல்கிறவன் கிட்ட இருப்பவன். அதனால் அந்த நேரத்தில் புத்திமதி சொல்வதிலோ, "உன்னை உள்ள போடுவாங்கள்" என்று வெருட்டுவதிலோ பெரிய பயன் இல்லை. தேசிக்காய்த் தண்ணியும் கோப்பியும் தலையில் ஊற்றும் குளிர் தண்ணியும் வெறியை இறக்காது. உடம்பு தன் பாட்டில் அதைக் கரைக்க மணித்தியாலக் கணக்கில் நேரம் வேண்டும்.

அப்படியென்றால் எங்களால் மாற்றக் கூடியது ஒன்றுதான்: அவருக்குக் கிட்ட என்ன இருக்கிறது என்பது. அவரைச் சுத்தி நிற்கிற சனம், சத்தம், போன் கமராக்கள், கேலி, எதிர்ப்பேச்சு. துவக்கைத் தூக்கிக் காட்டுகிறவருக்குப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆட்களாக நாங்கள் நிற்கிறவரைக்கும் அவர் இறங்கி வர வழியில்லை. அதனால்தான் சொல்கிறேன், துவக்கைப் பறிக்கப் போக வேண்டாம், சனத்தை அங்கிருந்து விலத்துங்கள்.

பறிக்கப் போனால் என்ன நடக்கும்? 2017 ஜூலை 22 ஆம் திகதி நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதியின் பாதுகாப்புக்கு வந்த பொலிஸ் சார்ஜன்டின் இடுப்பில் இருந்த கைத்துப்பாக்கியை ஒருவர் பறித்தார். அந்தச் சார்ஜன்ட் சூடு பட்டு அடுத்த நாள் இறந்துபோனார். துவக்குக்காகக் கைகலக்கிற கொஞ்ச நேரத்தில் பயிற்சி எடுத்தவருடைய உயிரே போகிறது. சும்மா நிற்கிற நாங்கள் எந்த மூலை? இழுபறியில் விசை யாருடைய விரலில் படும், குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. ஊரில் செய்த துவக்கென்றால் இன்னும் மோசம். கீழே விழுந்தாலே வெடிக்கலாம்.

சரி, விலத்துவது என்றால் எப்படி? பாட்டை நிப்பாட்டுங்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் முதலில் வெளியே எடுங்கள். கத்திக் குழறாமல், ரெண்டு பேர் மூன்று பேராகக் கலையுங்கள். வீடியோ எடுக்கிறவனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். தகரமும் பலகையும் கிடுகு வேலியும் சன்னத்தை மறிக்காது. தடித்த சீமெந்துச் சுவருக்குப் பின்னாலோ, வாகனத்தின் எஞ்சின் பக்கத்திலோ பதுங்குங்கள். வெளியேற வழி இல்லையென்றால் நிலத்தில் படுங்கள்.

தூரத்துக்கு வந்த பிறகு 119 க்கு எடுங்கள். இடம், கிட்ட இருக்கிற கோயில் அல்லது சந்தி, நெட்டைத் துவக்கா கைத்துவக்கா, வெடி வைத்தாரா, உள்ளே எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், ஆள் வெறியில் இருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள். உங்கட பகுதிப் பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தை இண்டைக்கே போனில் போட்டு வைப்பது நல்லது. ஒருவருக்குச் சூடு பட்டிருந்தால், அந்த இடம் பாதுகாப்பான பிறகு, காயத்தில் துணியை வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காசு கட்டத் தேவையில்லை, வடக்கிலும் 2018 இலிருந்து ஓடுகிறது.

நீங்கள்தான் நேர முன்னால் மாட்டிக்கொண்டீர்கள் என்றால்? ஒருத்தர் மட்டும் கதையுங்கள். கை ரெண்டும் அவருக்குத் தெரியட்டும். மெதுவாக, மரியாதையாக, "ஓம் அண்ணை, விளங்குது" என்று கதையை இழுத்து நேரம் எடுங்கள். நியாயம் பிளக்க வேண்டாம். துவக்கைத் தாங்கோ என்று கை நீட்ட வேண்டாம். அவராகவே கீழே வைத்தால் அவரை அங்கிருந்து அப்பால் கூட்டிப் போகப் பாருங்கள். ஆட்களைப் பார்த்துச் சுடத் தொடங்கிவிட்டார், ஓடவும் ஒளியவும் வழி இல்லை என்றால் எதிர்க்கத்தான் வேண்டிவரும், அது எனக்கும் தெரியும். ஆனால் அது கடைசி வழி. எங்கட பொடியள் அதைத்தான் முதல் வழியாக நினைக்கிறார்கள்.

எங்களிடம் இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது. "மனிசியைக் கூப்பிடுங்கோ, அவ சொன்னாக் கேப்பார்." துவக்குக்கு முன்னால் ஒரு பொம்பிளையைத் தள்ளிவிட்டுப் பத்துப் பேர் பின்னால் நிற்பதற்குப் பெயர் சமாதானமா? வீட்டில் அவர் அடிக்கிறவர் என்றால் அந்தக் கோபத்தின் முதல் இலக்கே அவதான். வீட்டுக்குள் நடந்தால் "குடும்பச் சண்டை, நாங்கள் ஏன் தலையிடுவான்" என்று கதவைச் சாத்துகிறோம். தலையிடத் தேவையில்லை. கதவைத் திறந்து அவவையும் பிள்ளைகளையும் உங்கட வீட்டுக்குள் எடுத்துவிட்டுப் போன் பண்ணினால் போதும். வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 1938 என்ற இலக்கம் இருக்கிறது.

போன் பண்ணுகிற இடத்தில்தான் எங்கட சனத்துக்குக் கை நடுங்குகிறது. பொலிஸ் மேல் பயம், மொழிப் பிரச்சினை, "வந்து எங்களைத்தான் விசாரிப்பாங்கள்" என்ற அனுபவம். இவை பொய்யில்லை. இவற்றை விடப் பாரமானது ஒரு சொல்: காட்டிக்குடுத்தவன். யுத்த காலத்தில் அந்தச் சொல்லால் எத்தனை உயிர் போனது என்று எங்கட பெற்றோரைக் கேட்டால் தெரியும். ஆனால் வெறியில் துவக்கோடு நிற்கிற ஒருத்தரைப் பற்றி அறிவிப்பது காட்டிக்குடுப்பு இல்லை. சொல்லாமல் விட்டால் மற்றவர்கள் சாகலாம், அவரும் சாகலாம். விடிய வெறி முறிந்து எழும்பும்போது தான் ஒருத்தரைக் கொன்றுவிட்டேன் என்று தெரியவரும் மனிதருடைய நிலையையும் யோசித்துப் பாருங்கள். அவரை அதிலிருந்து காப்பாற்றுவதும் அந்தப் போன்தான்.

பக்கத்தில் நின்றவர்களின் பொறுப்பு வெடிச் சத்தத்தோடு முடிவதும் இல்லை. 2011 நத்தார் நேரம் தங்காலையில் ஒரு விடுதியில் நடந்த கைகலப்பை விலக்கப் போன ஒரு பிரித்தானியர் கொல்லப்பட்டார். காசாவில் செஞ்சிலுவைக் குழுவுக்காக வேலை செய்தவர், விடுமுறைக்கு வந்தவர். அவருடைய துணைவியும் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். பிரதான எதிரி அப்போது ஆளும் கட்சியின் பிரதேச சபைத் தலைவர். வழக்கு கொழும்பு மேல் நீதிமன்றத்தில் நடந்து, 2014 ஜூலையில் அவருக்கும் இன்னும் மூவருக்கும் 20 வருடக் கடூழியச் சிறை கிடைத்தது. அந்தப் பெண் திரும்பி இந்த நாட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். எவ்வளவு செல்வாக்கான எதிரிக்கும் எதிராக வழக்கு நிற்பது, பார்த்தவர்கள் பார்த்ததைச் சொல்வதால்தான். அந்த வழக்குக் காலத்தில் இல்லாத சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் 2015 இல் வந்தது, 2023 இல் புதுச் சட்டமும் வந்தது. சட்டம் இருப்பதால் பயம் போய்விடாது. ஆனால் கேட்பதற்கு ஒரு உரிமை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட லேசான வேலை, போத்தல் திறக்க முன்னம் செய்யக் கூடியது. கலியாண வீடோ, வேட்டைக்குப் போகிற இரவோ, துவக்கும் சாராயமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றை அப்புறப்படுத்துங்கள். "அண்ணை, தோட்டாவை என்னட்டத் தாங்கோ, விடியத் தாறன்" என்று கேட்பதற்குச் சரியான நேரம் அவர் தெளிவாக இருக்கும்போதுதான். இரண்டு கிளாசுக்குப் பிறகு அதே கேள்வி அவருக்கு அவமானமாகத் தெரியும். துவக்கு அனுமதிப்பத்திரம் வருசா வருசம் புதுப்பிக்க வேண்டியது. குடித்தால் துவக்கைத் தூக்குகிற ஆள் என்று ஊருக்கே தெரியுமென்றால், அது பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் தெரிய வேண்டும்.

இதைச் சொன்னால் "பயந்தாங்கொள்ளி" என்பார்கள். சொல்லட்டும். பத்துப் பேரை வீட்டுக்கு உயிரோடு அனுப்பிவிட்டு, ஒரு போன் எடுத்து, பிறகு கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொல்கிறவனுக்கு, பாய்ந்து விழுந்து பறிக்கிறவனை விடத் துணிவு கூட வேண்டும். அதைக் கைதட்டிப் பார்க்க அங்கே ஒரு சனமும் இருக்காது.