சுவரில ஒரு குமிழ் வையுங்கோ

போன வருஷம் எங்கட வாசிப்பு வட்டம் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தது. புது மண்டபம், நல்ல ஸ்பீக்கர். பேச வந்த அக்கா மைக்குக்குக் கிட்டப் போனதும் ஊளைச் சத்தம். "கொஞ்சம் குறைச்சு விடுங்கோ அண்ணை" எண்டு பொறுப்பாளரிட்டக் கேட்டம். "தம்பி, அதுக்கு லப்டொப் வேணும். பூட்டின ஆள் கொழும்பில நிக்கிறார்" என்றார். கடைசியில் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அக்கா ஒரு மணித்தியாலம் தொண்டை நோகக் கதைச்சா. பின்வரிசையில் இருந்த வயது போன ஆக்களுக்குப் பாதி கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து றாக்கின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தோம. டிஎஸ்பி என்று சொல்லுகிற ஒலிச் செயலியின் முதுகில் ஒரு வரிசை முனைகள், ஒரு வயர்கூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்தன. பக்கத்தில் 'கொன்ட்ரோல் இன்புட்', 'லொஜிக் அவுட்புட்' என்று அச்சடித்திருந்தது. அதில் ஒரு சின்னக் குமிழைத் தொடுத்துச் சுவரில் வைத்திருந்தால் அந்தப் பின்னேரம் தப்பியிருக்கும்.

ஒரு மண்டபத்தின் சத்தம் அதைப் பாவிக்கிற ஆக்களின் கைக்கு எட்ட வேண்டும். அதற்கான வழியைப் பெட்டியோடு சேர்த்தே காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். பிஎஸ்எஸ் சவுண்ட்வெப் லண்டன் பிஎல்யூ-100 பெட்டியில் 12 கட்டுப்பாட்டு உள்ளீடுகளும் 6 லொஜிக் வெளியீடுகளும் இருக்கின்றன. கியூஎஸ்சியின் கோர் 110எஃப் பெட்டியில் உள்ளே 16, வெளியே 16. இவ்வளவையும் வெறுமையாக விட்டுவிட்டு ஒரு ஆளின் லப்டொப்பை நம்பி இருக்கிறம்.

இதில பெரிய வித்தை ஒண்டும் இல்லை. லொஜிக் உள்ளீட்டு முனையைப் பெட்டிக்குள் இருக்கிற ஒரு தடையி 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். சுவிட்சால் அதைக் கிரவுண்டோடு தொடுத்தால் 0 வோல்ட்டுக்கு இறங்கும். சுவிட்ச் போட்டாச்சு எண்டு பெட்டிக்கு விளங்கிவிடும். அனலொக் முறையில் 0க்கும் 5க்கும் நடுவில் உள்ள அளவுகள் எல்லாமே கணக்கு. 10 கிலோ ஓம் மாறும் தடையி ஒன்றைத் தொடுத்தால், குமிழைத் திருப்பத் திருப்ப வோல்ட்டளவு மாறும், அதைப் பார்த்துச் செயலி சத்தத்தை மாற்றும். மைக்கின் ஒலி இந்த வயரால் போவதே இல்லை. போவது கட்டளை மட்டும்.

இதைச் சொன்னால் சவுண்ட்காரர் சிலர் உடனே தலையாட்டி மறுப்பார்கள். "குமிழைச் சுவரில வச்சா ஆளாளுக்குத் திருப்பி சிஸ்டத்தைப் பழுதாக்கிப் போடுவினம்." பயம் நியாயம். ஆனால் அதற்கு விடை பூட்டு இல்லை, எல்லை. குமிழின் முழு ஓட்டத்தையும் -20 டெசிபெல்லில் இருந்து 0 டெசிபெல் வரைக்கும் மட்டும் என்று செயலியில் எழுதி வைக்கலாம். அந்த 0, பூட்டும்போது ஊளை வராமல் அளந்து பார்த்து எடுத்த இடமாக இருக்க வேண்டும். பிறகு சின்னப் பிள்ளை வந்து முழுக்கத் திருப்பினாலும் சத்தம் அந்த இடத்தைத் தாண்டாது. எல்லை போடாமல் கொடுத்துவிட்டு, பாவிக்கிற ஆக்களைக் குறை சொல்லுவது சரியில்லை.

அடுத்தது, வயர் அறுந்தால் என்ன நடக்கும் எண்ட கேள்வி. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த ஆக்களுக்கு இது சுலபமான கணக்கு. பெட்டிக்குள் 5 வோல்ட்டோடு 4.7 கிலோ ஓம் தடையி இருக்கிறது, வெளியே முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் எங்கட 10 கிலோ ஓம். இரண்டு வயர் போதும். குமிழின் ஒரு கரையில் 0 வோல்ட், மற்றக் கரையில் கிட்டத்தட்ட 3.4 வோல்ட். 'வோல்ட் கூடினால் சத்தம் கூடும்' என்று அமைத்துவிட்டால் எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யும், எலி ஒரு நாள் வயரைக் கடிக்கும் வரைக்கும். கடித்ததும் முனை 5 வோல்ட்டுக்குப் பாயும். செயலி அதை முழுச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். இதையே மறுவளமாக, 0 வோல்ட் முழுச் சத்தம், 3.4 வோல்ட் ஆகக் குறைந்த சத்தம் என்று அமைத்தால், வயர் அறுந்தால் சத்தம் தானாகத் தணிந்துவிடும். அப்ப இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால் முழுச் சத்தம் வருமே எண்டு கேட்கலாம். வரும்தான். ஆனால் எல்லை முதலே போட்டாச்சு, ஊளை வராது.

எங்களுக்கு ஆகப் பெரிய விஷயம் விளக்கு. மைக் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லுகிற சின்ன எல்ஈடி. கூட்ட அறையில் ஒரு ஆள் பட்டனை அழுத்தி மைக்கை மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒரு சொந்த விஷயம் கதைக்கிறார் என்று வையுங்கோ. அந்த நேரம் அவர் நம்பியிருப்பது அந்த விளக்கை மட்டும்தான். விளக்கைப் பட்டனோடு நேரே தொடுத்திருந்தால் அது பட்டனின் கதையைத்தான் சொல்லும். வேறு ஒருவர் டப்லட்டில் இருந்து அதே மைக்கைத் திறந்துவிட்டால் விளக்குக்குத் தெரியாது. அது மூடி எண்டே காட்டிக்கொண்டிருக்கும், இவர் கதைப்பது முழு மண்டபத்துக்கும் கேட்கும்.

சரியான வழி இது: பட்டன் செயலிக்குக் கேள்வியை மட்டும் அனுப்பட்டும். செயலி மைக்கை மூடட்டும். மூடிய பிறகு, செயலியின் லொஜிக் வெளியீடு விளக்கை மாற்றட்டும். ஷுவர் எம்எக்ஸ்392 போன்ற மேசை மைக்குகளில் இதற்கென்றே பட்டனின் செய்தி வெளியே போக ஒரு முனையும், விளக்குக்கான கட்டளை உள்ளே வர இன்னொரு முனையும் இருக்கின்றன. கூட ஒரு வயர் இழுக்கிற செலவுதான். அதை மிச்சம் பிடிக்கிறம் எண்டு விளக்கைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது.

தீ அலாரத்துக்கும் இதே கதைதான். அலாரம் அடித்தால் பாட்டு நிற்க வேண்டும், வெளியேறச் சொல்லுகிற அறிவித்தல் கேட்க வேண்டும். அலாரப் பெட்டியின் றிலேயை ஒரு லொஜிக் உள்ளீட்டோடு தொடுத்தால் போதும். ஆனால் சாதாரண நேரத்தில் மூடியிருந்து, அலாரம் அடிக்கும்போது திறக்கிற தொடுப்பைத்தான் எடுக்க வேண்டும். அப்போது வயர் அறுந்தாலும் சத்தம் நிற்கும், பிழை அன்றைக்கே தெரியவரும். மறுவளமாகத் தொடுத்திருந்தால் அறுந்த வயர் வருஷக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாமல் கிடக்கும். தெரியவருகிற நாள் தீப்பிடித்த நாளாக இருக்கும்.

சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்த எல்லாரும் தர்க்கப் படலை படித்திருப்பம். அன்ட், ஓர், நொட். உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்து, சோதனையில் எழுதி, அதோட மறந்தாச்சு. படலை எண்டா ஆரை உள்ள விடுறது, ஆரை வெளியில நிப்பாட்டுறது எண்டு தீர்மானிக்கிற இடம். 'தலைவரின் பட்டன் அழுத்தியிருந்தால், அல்லது அலாரம் அடித்தால், மற்ற மைக் எல்லாம் மூடு' எண்டது ஒரு ஓர் படலை. ஆர் கதைக்கலாம், ஆர் கதைக்கேலாது எண்டதை அது தீர்மானிக்குது. இதை ஒரு ஆள் தனிய இருந்து லப்டொப்பில் எழுதிவிட்டு, கடவுச்சொல்லையும் கொண்டு போகலாமா?

ஊரில் மண்டபம் கட்டுகிற, பள்ளிக்கூடத்துக்கு சவுண்ட் சிஸ்டம் வாங்கிக் கொடுக்கிற ஆக்களிட்ட நாங்கள் கேட்பது இதைத்தான். கடைசிக் காசைக் கொடுக்க முதல் நாலு கேள்வி கேளுங்கோ. சுவரில் ஒரு குமிழும் பட்டனும் இருக்கா? வயரைக் கழற்றினால் என்ன நடக்கும், இப்ப எங்கட கண்ணுக்கு முன்னால கழற்றிக் காட்டுவீங்களா? விளக்கு ஆருடைய கதையைச் சொல்லுது? எந்த முனையில் எது தொடுத்திருக்கு எண்டு எழுதின தாளும், அமைப்புக் கோப்பின் பிரதியும், கடவுச்சொல்லும் எங்களிட்டத் தருவீங்களா?

பூட்டிய ஆள் கொழும்புக்குப் போகட்டும், பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா "கேக்கேல்லப் பிள்ளை" எண்டு சொன்னால், எழும்பிப் போய்க் குமிழைத் திருப்பி விட எங்களால ஏலவேணும்.